வெயிலில் வைப்பர் போட்டவன்

அத்தியாயம் 11

பதினான்கு விநாடிதான் அந்த வீடியோ. மருந்துக்கடைக்காரர் மூன்று மாதம் இன்று போய் நாளை வா என்று இழுத்தடித்துவிட்டு, சென்ற வாரக் கடைசியில் ஒருவழியாக மனமிரங்கி, கடை வாசல் கேமராவில் பதிந்ததை லிஃப்ட்காரரின் போனுக்கு அனுப்பிவைத்தாரே, அதேதான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலே வரி. லிஃப்ட்காரர் என்று நாம் சொல்வது லிஃப்ட் பழுதுபார்க்கும் மனிதரை. அவருடைய தங்கை தபால் பட்டுவாடா செய்கிறவள், அதனால் தெருவுக்குத் தபால், வீட்டுக்குப் பாப்பா. மூன்று மாதத்துக்கு முன்னால் ஸ்கூட்டரில் கடிதங்களோடு போனவளை மருந்துக்கடை முனையில் ஒரு வெள்ளைக் கார் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போய், கம்பி வைத்து, இப்போதுதான் கைத்தடியோடு வீட்டுக்குள் நடக்கிறாள். லிஃப்ட்காரரின் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் பன்னிரண்டு வருடமாக டீச்சர். நாத்தனாரைக் குளிப்பாட்டியது, தலை வாரியது, ராத்திரியெல்லாம் கூடவே படுத்துக்கொண்டது எல்லாம் அவள்தான்.

இனி செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி.

"மறுபடி முதல்லேருந்து போடு" என்றாள் தபால்.

"எத்தனை தடவைதான் பாக்கறது பாப்பா. வெயில் நேரா நம்பர் பலகையில அடிக்குது. ஒரு எழவும் தெரியல."

"நம்பருக்காகப் பாக்கல. அவன் என்ன பண்றான்னு பாக்கறேன்."

லிஃப்ட்காரர் போனைத் தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்துவைத்தார். சின்னத் திரைக்குள் தெருமுனை. ஒரு பெண் குடை பிடித்துப் போகிறாள். வெள்ளைக் கார் முகத்தைக் காட்டிக்கொண்டு வருகிறது. ஓரமாக ஒரு ஸ்கூட்டர், அதன் முன்னால் காக்கிப் பை.

"அங்க நிறுத்து. கண்ணாடியில என்னமோ ஆடுது பாரு."

லிஃப்ட்காரர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் அது நல்ல சிரிப்பு இல்லை.

"வைப்பர்."

"மழையா பெஞ்சுது அன்னைக்கு? மண்டையைப் பொளக்கற வெயில். நான் தொப்பி போட்டிருந்தேன்."

"சிக்னல் போடறேன்னு வைப்பரைப் போட்டிருக்கு எருமை. எது எங்க இருக்குன்னு தெரியாது, கையில ஒரு டன் இரும்பைக் குடுத்து ரோட்டுல விட்டுடறாங்க."

அடுப்படியில் டீ வடிகட்டிக்கொண்டிருந்த டீச்சர் திரும்பிப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம்.

இதை விளக்காமல் மேலே போக முடியாது. அவள் வேலை பார்க்கும் பள்ளியில் மூன்று கார். இரண்டு புதுசு. மூன்றாவது ஒரு பச்சைக் கார். எந்த நாட்டிலிருந்தோ கப்பலில் வந்து, நாலு கை மாறி, கடைசியில் முதலாளியின் தலையில் கட்டப்பட்டது. ஸ்டியரிங்குக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இரண்டு குச்சி நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, ஒன்று சிக்னலுக்கு, ஒன்று வைப்பருக்கு. பச்சைக் காரில் மட்டும் அவை இடம் மாறி இருக்கும். அதில் கற்றுக்கொண்டவர்கள் வேறு காரில் ஏறிப் பதற்றமாகத் திரும்பும்போது கை பழைய பக்கத்துக்கே போகும். வண்டி திரும்பும், வெயிலில் வைப்பர் ஆடும். பள்ளியில் இது ஒரு நிரந்தர வேடிக்கை. வெளியே அப்படி எவராவது போனால் மற்ற டீச்சர்கள், உங்க பிள்ளை போகுது பாருங்க என்பார்கள்.

உங்க பிள்ளை என்பதற்குக் காரணம், பச்சைக் காரை ஓட்டிக் கற்றுக்கொடுப்பவள் டீச்சர் ஒருத்திதான்.

"இன்னொண்ணு பாத்தியா" என்றார் லிஃப்ட்காரர். "இப்ப முதுகைக் காட்டறான். பின்னாடி நம்பரும் மங்கலாத்தான் இருக்கு. திரும்பும்போது பின்னாடி சிவப்பு விளக்கு எரியணுமா இல்லையா? எரியல. பிரேக்கே போடல. சும்மா உருண்டுக்கிட்டே வர்றான்."

"பல்பு போயிருக்கும்" என்றாள் டீச்சர். அவள் குரல் அவளுக்கே யாரோ பக்கத்து வீட்டுக்காரி பேசுகிற மாதிரி இருந்தது.

"அதெல்லாம் இல்ல. இடிச்சு, அஞ்சடி தள்ளிப் போனப்புறம் எரியுது பாரு. பல்பு நல்லாத்தான் இருக்கு. காலுதான் இல்ல."

டீச்சர் அடுப்பை அணைத்தாள். அவளுக்கு டீ வேண்டியிருக்கவில்லை.

பச்சைக் காரில் பன்னிரண்டு வருடத்தில் எத்தனையோ நூறு பேர். அதில் எவனாவது ஒருத்தனாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே செருப்பை மாட்டினாள். எவனாவது ஒருத்தன் என்று வேண்டிக்கொள்வதே எவ்வளவு கேவலம் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

"சாயந்தரம் நாலு மணிக்கு நடைப் பயிற்சிக்கு பாப்பாவை பிசியோகிட்ட நீ கூட்டிட்டுப் போ" என்றார் லிஃப்ட்காரர். "நான் இன்னைக்கு லீவு. இதை எடுத்துக்கிட்டு ஸ்டேஷனுக்குப் போறேன்."

"சரிங்க."

"இன்னைக்கு நான் ரோட்டைத் தாண்டணும் அண்ணி. பிசியோ சொல்லிட்டாரு. டாக்சியில வாசல்ல வந்து இறங்கினா உள்ள விட மாட்டாராம்" என்றாள் தபால். அவள் முகத்தில் பரீட்சைக்குப் போகிறவளின் பயம் இருந்தது. "நீங்க வர்றதால பரவாயில்ல."

டீச்சர் அவள் தலையைத் தொட்டுவிட்டுப் போனாள்.

*

ஒன்பது மணி வகுப்பு பல் டாக்டருக்கு. ஊரே வாயைத் திறந்து காட்டும் மனிதர், ஸ்டியரிங்கைப் பிடித்தால் வாயையே திறக்க மாட்டார். இன்று பதினைந்தாவது வகுப்பு என்பதால் பெரிய சாலைக்கு வந்திருந்தார்கள்.

அந்தச் சாலையைப் பற்றி என்ன சொல்ல. பச்சை விளக்கு விழுவதற்கு முன்னாலேயே பின்னாலிருப்பவன் ஹாரனை அமுக்குவான். அமுக்கினால் விளக்குக்கு ரோஷம் வந்து சீக்கிரம் மாறும் என்று அவனுக்கு யார் சொன்னார்களோ. நாலு விளக்கையும் மினுக்கவிட்டால் நட்டநடு ரோட்டில் வண்டியை நிறுத்திவிட்டு சிகரெட் வாங்கப் போகலாம் என்பது இன்னொருவனின் சட்டம். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, கழுத்து கோணலாகவே பிறந்தவன் மாதிரி ஓட்டுகிறவன் ஒருவன். கார்க் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, சாலையில் காறித் துப்பிவிட்டு, மறுபடி உள்ளே போய் ஏசியைக் கூட்டிக்கொள்கிற கோட்டுப் போட்ட கனவான் ஒருவர். அந்த எச்சில் பக்கத்தில் நின்ற சைக்கிள்காரரின் பேண்டில் தெறித்தது. அவர் குனிந்து பார்த்தார், துடைக்கக்கூட அருவருத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"டீச்சர், அந்தாளு ஏன் நம்மளைப் பாத்து கையை ஆட்டறாரு?" என்றார் டாக்டர். "தப்பான பக்கத்துல வர்றது அவருதானே?"

"ஆமா டாக்டர். தப்பா வர்றவங்களுக்குத்தான் கோவம் ஜாஸ்தி."

"இப்ப நான் ஒதுங்கணுமா?"

"ஒதுங்குங்க. வேற என்ன பண்றது."

மற்ற நாளாக இருந்தால் இதையெல்லாம் அவள் மனசில் முடிந்துவைத்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் அவிழ்த்துவிடுவாள். அந்தக் காறித் துப்பும் கனவானை அவள் நடித்துக்காட்டினால் நாத்தனாருக்குச் சோறு புரையேறும். இன்று அப்படி முடியவில்லை. ஒவ்வொரு வண்டியாகப் பார்த்து, இது என்னுதா, அது என்னுதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமாக இந்த அழுக்குக்கு வெளியே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டவள்.

பள்ளிக்கூட வாசல் ஒன்றின் முன்னால் வண்டிகள் மூன்று வரிசையாக அடைத்து நின்றன. நடுவிலிருந்த கார் திடீரென்று பின்னால் வந்தது. பச்சைக் கார் டக்கென்று நின்றது.

டாக்டர் தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கலாமா? இப்ப பிரேக் போட்டது நானா, நீங்களா?"

பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவருக்கும் ஒரு பிரேக் உண்டு, அவருடைய காலடியிலேயே.

"ஏன் டாக்டர்?"

"பதினஞ்சு நாளா பாக்கறேன். நான் கால் வைக்கறதுக்கு முன்னாடியே வண்டி நின்னுடுது. நல்லாத்தான் இருக்கு. ஆனா நாளைக்கு என் சொந்த வண்டியில நீங்க இருக்க மாட்டீங்கல்ல? என்னைக் கொஞ்சம் நிறுத்த விடுங்க."

டீச்சர் குனிந்து தன் பிரேக்கைப் பார்த்தாள். இரண்டு காலையும் பின்னால் இழுத்து, சீட்டுக்கு அடியில் மடக்கிக்கொண்டாள்.

பிரேக்கில் கால் வைக்காமலே கற்றுக்கொண்ட ஒருவனை அவளுக்குத் தெரியும்.

அவள் தம்பி. ஒரே தம்பி. அம்மா போனபின் அவனை வளர்த்தவள் இவள். ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது, கார் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றார்கள். மற்றவர்களிடம் விட்டால் திட்டுவார்கள் என்று தானே பச்சைக் காரில் கூட்டிப் போனாள். அவன் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. எதிரே எது வந்தாலும் உறைந்துவிடுவான். அவன் உறையும்போதெல்லாம் அவள் கால் முந்திக்கொள்ளும். இருபத்தோரு வகுப்பு. அவன் சிரித்துக்கொண்டே ஓட்டினான்.

லைசென்ஸ் சோதனை அன்று அதிகாரி பின்சீட்டில். தம்பிக்குப் பக்கத்தில், விதிப்படி, அவள். வளைவில் ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. தம்பி உறைந்தான். அவள் கால் தானாகப் போய் அமுக்கியது. வண்டி பூ மாதிரி நின்றது.

"நல்ல நிதானம்" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி தாளில் டிக் அடித்தார்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சார், அது நான் போட்டது என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. வெளியே வந்து அக்காவும் தம்பியுமாக டீ குடித்தார்கள், இரண்டு பேரும் சிரித்தார்கள். அடுத்த வாரமே அவன் பழைய வெள்ளைக் கார் ஒன்று வாங்கினான்.

பத்தரை மணிக்கு டாக்டரை இறக்கிவிட்டு, காரை நிழலில் நிறுத்தி, தம்பிக்குப் போன் போட்டாள்.

"சொல்லுக்கா."

"வண்டி எங்க இருக்கு?"

"எந்த வண்டி?"

"எத்தனை வண்டி வெச்சிருக்க நீ?"

"அதுதான் வித்துட்டேனே. எனக்குச் சரிப்பட்டு வரலன்னு அப்பவே சொன்னேன்ல."

"எப்ப வித்த?"

"ஆச்சு, ஒரு மூணு மாசம்."

"பாப்பாவுக்கு அடிபட்டதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

அந்தப் பக்கம் ஒரு கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"வீடியோ வந்திருக்கு" என்றாள். "நம்பர் தெரியல. மூஞ்சி தெரியல. வைப்பர் தெரியுது."

"அக்கா, நான் ஒரு மீட்டிங்ல..."

"ஒரே ஒரு கேள்வி. பிரேக் போட்டியா இல்லையா?"

அவன் சொன்னான். அழுகிறான் என்று தெரிந்தது.

"போடணும்னு தோணவே இல்லக்கா. நின்னுடும்னு நெனச்சேன். எப்பவும் நின்னுடும்."

அவள் போனை வைத்துவிட்டாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து ஓரத்தில் குனிந்தாள். வாயில் கசந்த எச்சில் ஊறியது. அவன் பயந்து ஓடியதைக்கூட ஒரு பக்கம் வைக்கலாம். மறுநாளே ஆஸ்பத்திரிக்கு வந்தானே. ஒரு பை நிறைய சாத்துக்குடி வாங்கிக்கொண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வெள்ளை நாரெல்லாம் எடுத்து, ஒவ்வொரு சுளையாக உரித்து நாத்தனார் வாயில் போட்டானே. சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் நாலு சுற்று சுற்றினானே. மாமா, அவனை மட்டும் கண்டுபிடிச்சீங்கன்னா என்கிட்ட சொல்லுங்க, நானும் வரேன் என்று கையை வேறு முறுக்கினானே.

த்தூ என்று சொல்லத் தோன்றியது. யாரைப் பார்த்துச் சொல்வது என்பதில்தான் சிக்கல்.

மத்தியானம் லிஃப்ட்காரர் போன் செய்தார்.

"ஸ்டேஷன்ல கையை விரிச்சுட்டாங்க. வெள்ளைக் கார் பத்தாயிரம் ஓடுதாம், நம்பர் கொண்டு வாங்கறாங்க. நம்பர் இருந்தா நான் ஏன்டா உன்கிட்ட வரேன். எவனையும் நம்பி பிரயோஜனம் இல்ல."

"ம்."

"நீ ஏன் ஒரு மாதிரி பேசற?"

"வெயிலு. தலை வலிக்குது."

"மோர் குடி. அப்பறம், பாப்பாவை ஜாக்கிரதையா கூட்டிட்டுப் போ. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்."

எல்லாரும் இன்றைக்குப் பார்த்துத்தான் அவளை நம்பிக்கொண்டிருந்தார்கள்.

*

பிசியோவின் கட்டடம் பெரிய சாலையின் அந்தப் பக்கம். டாக்சி இந்தப் பக்கம் இறக்கிவிட்டது. நடுவே சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை பட்டை பட்டையாக வெள்ளைக் கோடு. பக்கத்தில் ஒரு பலகை, நடக்கும் மனிதன் படத்தோடு. நடப்பவர்கள் வந்தால் வண்டிகள் நிற்க வேண்டும் என்று பச்சைக் காரில் மூன்றாவது வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவாள் டீச்சர்.

மணி நாலடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. தபால் ஒரு கையால் தடியையும் மறுகையால் அண்ணியின் முழங்கையையும் பிடித்துக்கொண்டாள்.

"கோட்டுல கால் வெச்சா நிப்பாங்கல்ல அண்ணி?"

"நிக்கணும்."

வைத்தாள். ஒருவனும் நிற்கவில்லை. முதல் கார் ஹாரனை அமுக்கிக்கொண்டே போயிற்று. இரண்டாவது கார்க்காரி இவர்களைப் பார்த்தாள், தடியைப் பார்த்தாள், பார்த்ததனாலேயே வேகத்தைக் கூட்டினாள். இடுப்பை அசைத்து இவர்களைச் சுற்றிக்கொண்டு போனான் ஒரு மோட்டார் சைக்கிள்காரன், போகிற போக்கில், வீட்டுல சொல்லிட்டு வந்தியா என்று கேட்டுவிட்டு. நாலு தடவை காலை வைத்து நாலு தடவை பின்னால் எடுத்தாள் தபால். அவள் விரல்கள் டீச்சரின் முழங்கையில் பதிந்தன.

ஏழு நிமிடம் கழித்து ஒரு லாரி நின்றது. ஓட்டுநர் கையை அசைத்து, போங்க என்றார். கும்பிடலாம் போல இருந்தது. பாதிக்கு வருவதற்குள் லாரிக்குப் பின்னாலிருந்த கார், எதற்காக நிற்கிறது என்று பார்க்கக்கூட மனமில்லாமல் ஒடித்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. டீச்சர் நாத்தனாரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். எப்படியோ நடுவிலிருந்த திட்டில் ஏறிவிட்டார்கள்.

ஒரு முழ அகலத் திட்டு. முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி. அந்தப் பாதிச் சாலையில் ஓட்டம் இன்னும் அதிகம்.

"உக்காரணும் போல இருக்கு" என்றாள் தபால்.

"சாஞ்சுக்கோ என் மேல."

அப்போது ஒரு கார் ஜன்னல் இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு கை பாதி குடித்த காப்பிக் கோப்பையை வெளியே விசிறியது. அது திட்டில் மோதி, மிச்சக் காப்பி தபாலின் காலைச் சுற்றியிருந்த துணிப்பட்டையில் வழிந்தது. மூன்று மாதமாக டீச்சர் துவைத்து உலர்த்திக் கட்டிவிடும் பட்டை. ஜன்னல் ஏறிவிட்டது. கார் போய்விட்டது.

தபால் கத்தவில்லை. காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டாள்.

"இவங்களுக்கெல்லாம் யாரு அண்ணி லைசென்ஸ் குடுக்கறாங்க?"

டீச்சர் கைக்குட்டையை எடுத்துக் குனிந்து துடைக்க ஆரம்பித்தாள்.

"சும்மா கேக்கல. நெஜமாவே கேக்கறேன். என்னை இடிச்சானே, அவன் பக்கத்துல ஒருத்தரு உக்காந்திருப்பாருல்ல, சொல்லிக்குடுத்தவரு? இவன் ஓட்டலாம், ரோட்டுல விடலாம்னு சொன்னவரு. அவரை ஒரு தடவை பாக்கணும் எனக்கு. இடிச்சவனைக்கூட அப்பறம் பாத்துக்கலாம். அவனுக்காவது ஒண்ணும் தெரியல. இவருக்குத் தெரியும்ல."

துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. இன்னும் நூறு வருடம் குனிந்தபடியே இருந்துவிடலாம் என்று தோன்றியது டீச்சருக்கு. சாயந்தரம் வீட்டுக்குப் போய் அவர்கிட்டே சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். கால் முழுசாகச் சரியானபிறகு சொல்லலாம். சொல்லாமலே இருந்தாலும் நம்பர் தெரியாத வெள்ளைக் காரை எவன் கண்டுபிடிக்கப்போகிறான். இந்த வீடு, இந்தக் கை, இந்த அண்ணி என்ற வார்த்தை, எல்லாம் அப்படியே இருக்கும்.

அப்படி இருந்துவிட்டால் நிற்காமல் போனவனுக்கும் இவளுக்கும் என்ன வித்தியாசம்.

நிமிர்ந்தாள்.

"பாப்பா. உன்னை இடிச்சது என் தம்பி."

ஒரு பஸ் போயிற்று. தபாலின் முடி முகத்தில் பறந்தது.

"என்ன சொல்றீங்க?"

"என் தம்பி. காலையில வீடியோ பாத்தப்பவே சந்தேகம். பத்தரை மணிக்குக் கேட்டேன். அவனே ஒத்துக்கிட்டான்."

தபால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடிதத்தில் விலாசம் சரியாக எழுதாதபோது பார்ப்பது போல, கண்ணைச் சுருக்கிக்கொண்டு.

"எனக்கு சாத்துக்குடி உரிச்சுக் குடுத்தான்."

"ஆமா."

"அவனுக்குத் தெரிஞ்சேவா குடுத்தான்?"

"தெரிஞ்சுதான்."

"ஓட்டச் சொல்லிக்குடுத்தது..."

"நான்தான். அவனுக்கு ஓட்டத் தெரியாது பாப்பா. டெஸ்ட்டுல பிரேக் போட்டது என் காலு. அதிகாரிக்குத் தெரியல. அவனுக்கே ஒழுங்காத் தெரியல. அவன் ரோட்டுக்கு லாயக்கில்லன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான்தான். நான் வாயைத் திறக்கல. டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டேன்."

சொல்லி முடித்ததும் மன்னிச்சுடு என்று வாய்வரை வந்தது. அதைச் சொல்லக் கூசியது. ரோட்டில் இடித்துவிட்டுக் கையை மட்டும் தூக்கிக் காட்டிப் போகிறவர்களைத் தினம் பார்க்கிறவள் அவள்.

"கையை விடுங்க" என்றாள் தபால்.

"ரோட்டைத் தாண்டினப்புறம் விடறேன். திட்டு, அடி, என்ன வேணா பண்ணு. இப்ப தனியா போகாத."

"கையை விடுங்கன்னு சொன்னேன்."

அண்ணி என்ற வார்த்தை அதில் இல்லை. டீச்சர் விட்டாள்.

தபால் தடியைக் குறுக்காக நீட்டினாள். கடைசிவரை நீட்டினாள், வருகிறவன் கண்ணாடியில் பட்டால் படட்டும் என்பது போல. திட்டிலிருந்து இறங்கினாள். நல்ல காலை முதலில் வைத்து, கம்பி வைத்த காலை இழுத்து, மறுபடி நல்ல காலை வைத்து. ஒரு டாக்சி கிரீச்சென்று நின்றது. அதன் பின்னால் இன்னொன்று, இன்னொன்று. டாக்சிக்காரன் தலையை நீட்டி, செத்துப்போகணும்னா வேற வண்டி கெடைக்கலையா என்று கத்தினான். அவள் திரும்பவே இல்லை. டீச்சரின் வலது கால் திட்டின் சிமெண்டை அமுக்கிக்கொண்டே இருந்தது.

அந்தப் பக்கம் ஏறிவிட்டாள். தனியாக. பிசியோ பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். சுவரில் முதுகைச் சாய்த்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பையிலிருந்து போனை எடுத்தாள்.

நின்ற வண்டிகள் மறுபடி பாய ஆரம்பித்தன. டீச்சர் ஒரு காலை இறக்கினாள், ஹாரன் அவளை மேலே ஏற்றியது. மறுபடி இறக்கினாள், மறுபடி ஏறினாள். அப்போது அவளுடைய போன் அடித்தது. தம்பி.

"அக்கா, திட்டாத. எனக்கு ஆபீஸ்ல இருக்கவே முடியல. கிளம்பி உங்க வீட்டுக்கே வந்துட்டேன்."

"எங்க இருக்க?"

"உங்க வீட்டுலதான். மாமா எதிர்ல உக்காந்திருக்காரு. டீ போட்டுக் குடுத்தாரு. வீடியோவைப் போட்டுக் காட்டினாரு." அவன் குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "நான் இன்னும் ஒண்ணும் சொல்லல. நீ வந்துடு. நீ பக்கத்துல இருந்தா சொல்லிடுவேன்."

சாலைக்கு அந்தப் பக்கம் தபால் போனைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

தம்பியின் போன் வழியாக, வீட்டில் இன்னொரு போன் மணி அடிப்பது டீச்சருக்குக் கேட்டது. நாற்காலி நகரும் சத்தம். பிறகு அவள் கணவரின் குரல், மூன்று மாதத்தில் முதல் தடவையாகச் சந்தோஷமாக.

"சொல்லு பாப்பா. ரோட்டைத் தாண்டிட்டியா?"